பந்து போன பிறகு

தோளும் தோளும் மோதிய சத்தம் நெல் மூட்டையைத் தரையில் போட்டது போல இருந்தது. அதன் பின்னாலேயே சின்னதாக இன்னொரு சத்தம், காய்ந்த மட்டையை முறித்தது போல. அது என் தம்பியின் கால். இடித்தவர் என் வீட்டுக்காரர்.

பிறந்த ஊருக்கும் நான் வாழப்போன ஊருக்கும் நடுவே ஒரு குளம்தான். இரண்டு ஊருக்கும் சபை ஒன்று, போதகர் ஒருவர். அறுப்பு முடிந்த வயலில் வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு ஊரும் வெறுங்காலோடு கால்பந்து ஆடும். பள்ளிக்கூட வாத்தியார் விசில் வைத்திருப்பார். தம்பி பந்தைக் கொண்டு முன்னால் ஓடுகிறவன்; வீட்டுக்காரர் பின்னால் நின்று மறிக்கிறவர். அன்றும் மறித்தார். வாத்தியார் விசில் ஊதவில்லை. அவர் ஊதாமல் விட்டதை ஊரே எட்டு வருஷம் ஊதியது.

தம்பி பனையேறி. எலும்பு கட்டும் ஆசான் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியும் எலும்பு கோணலாகத்தான் சேர்ந்தது. பிறகு எங்கே பனை ஏற? கருப்பட்டிக் கடை ஓரத்தில் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டு உட்கார்ந்தான், இருபத்திரண்டு வயதில். ஊராருக்கு அது பேச்சில்லை. இடித்தது ஆட்டச் சட்டப்படி சரியா தப்பா என்பதுதான் பேச்சு. என் மூத்தவளின் ஞானஸ்நான விருந்தில் என் அப்பாவும் இவருடைய பெரியப்பாவும் பந்தியை விட்டே எழுந்துவிட்டார்கள்.

"பந்து பக்கத்துல இருந்தா தோளுக்குத் தோள் இடிக்கலாம் வே. சட்டம் அது," என்றார் பெரியப்பா.

"சட்டம் கெடக்கட்டும். பந்து எங்க கெடந்து? உம்ம மொகத்துல இருக்கது கண்ணா, புளியங்கொட்டையா?" என்றார் அப்பா.

"இஞ்ச வாரும், காட்டித் தாரேன்."

தோளால் இடித்தே காட்டினார். அப்பா பாயச வாளியோடு இலைகளின் மேல் விழுந்தார். "தப்பாட்டம்!" என்று எங்கள் ஊர்க்காரர்கள் கத்த, "வாளி பக்கத்துலதானே இருந்து, அப்ப சரிதான்!" என்று இந்த ஊர்க்காரன் ஒருவன் கத்தினான். பந்தியே சிரித்தது. தம்பி மட்டும் விருந்துக்கு வரவில்லை. என் வீட்டு வாசலை அவன் மிதிப்பதே நின்றுபோனது.

எங்கள் சபையில் சகோதரனோடு மனத்தாங்கல் உள்ளவன் திருவிருந்து எடுக்கக்கூடாது. முந்தின நாளே ஒப்புரவாக வேண்டும். போதகர் இருவரையும் கோயிலுக்குள் உட்காரவைத்து என்னையும் கூப்பிட்டார்.

"தப்புன்னு ஒரு சொல்லு சொல்லட்டும் அத்தான். நான் விட்டுருதேன்," என்றான் தம்பி.

"ஏலே, உன் காலு ஒடிஞ்சதுக்கு நான் சோறு திங்காம கெடந்தேன். ஆனா முறையாட்டுதான் இடிச்சேன். பந்து உன் காலடியில கெடந்து. செய்யாத தப்பச் செஞ்சேன்னு கோயிலுக்குள்ள இருந்து எப்படிச் சொல்ல?" என்றார் இவர்.

போதகர் என் பக்கம் திரும்பினார். "நீ வரப்புலதானம்மா இருந்த. பந்து எங்க கெடந்து?"

பந்து போய்விட்டிருந்தது. தம்பி அதை இடப்பக்கம் தட்டிவிட்டு மூன்று எட்டு வைத்த பிறகுதான் இவர் வந்து இடித்தார். ஓடிவந்த வேகத்தில் இவருக்கு அது தெரிந்திருக்காது என்றுதான் இன்றும் நம்புகிறேன். எனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்றாலும், என் கண் ஒரு நாளும் பிசகியதில்லை.

"நான் பாக்கல்ல ஐயா. பிள்ளைக்குப் பாலு குடுத்துட்டு இருந்தேன்," என்றேன்.

கட்டிக்கொடுத்த வீட்டில் வாழ வேண்டியவள் நான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று முதல் திருவிருந்து ஞாயிறுகளில், பொய் சொல்லாத அந்த இரண்டு பேரும் கடைசி பெஞ்சின் இரண்டு ஓரங்களில் தலைகுனிந்து இருந்தார்கள். பொய் சொன்ன நான் முன்னால் இருந்து அப்பமும் திராட்சை ரசமும் எடுத்தேன். எட்டு வருஷம்.

பிறகு ஒரு மழை நாளில் தம்பி நனைந்துபோய் என் வாசலில் வந்து நின்றான். "அத்தான், இனி கேக்கல்ல. பந்து எங்க கெடந்தா என்ன. கேட்டுக் கேட்டு எனக்கு மடுத்துப் போச்சு." இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினார்.

அடுத்த திருவிருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து எடுத்தார்கள். பெண்கள் வரிசையில் பாத்திரம் என்னிடம் வந்தபோது என்னால் உதட்டில் வைக்க முடியவில்லை. அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டேன்.

"ஏட்டி, ஏன் எடுக்கல்ல?" என்று வீட்டில் கேட்டார்.

"அண்ணைக்குப் பந்து போயாச்சு. நான் பாத்தேன்."

கஞ்சிக்குள் இருந்த கையை எடுத்துக் கழுவினார். "அவன்ட்ட போய்ச் சொல்லாத," என்றார். "அவன் களைச்சுப் போனான். நானும்தான்."

நான் சொல்லவில்லை. இப்போது அந்த வயலில் பையன்கள் பூட்ஸ் போட்டு ஆடுகிறார்கள். சரியா தப்பா என்று சண்டை கிளம்பினால், வாசலில் இருந்து பார்க்கிற நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். இவரும் தம்பியும் கல்லறைக்குப் போய் வருஷம் பல ஆயிற்று. அந்த மழை நாளுக்குப் பிறகு, யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் தம்பி கோணல் காலை நீட்டிக்கொண்டு, "எங்க அத்தான் முறையாட்டுதான் இடிச்சாரு வே," என்று சொல்லத் தொடங்கினான். சாகும்வரை சொன்னான். சொல்லும்போதெல்லாம் நான் பக்கத்தில்தான் இருந்தேன்.