அவசரமாக மேய்ந்த வாத்து

வண்டியோட்டக் கற்றுக்கொடுப்பது அவளுடைய தொழில். பயிற்சிக்கு வருபவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘பிரேக் அம்மா’. பயிற்சி வண்டியில் அவளுடைய பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன்மீது அவள் கால் இல்லாத நேரத்தை ஒருவரும் கண்டதில்லை. காலைப் போலவே வாயும் ஓயாது. “கண்ணாடியப் பாருங்க, இண்டிகேட்டர் போடுங்க, அந்த நாயைப் பார்த்துப் போங்க” என்று வகுப்பு முழுவதும் சொல்லிக்கொண்டே வருவாள்.

ஓய்வு கிடைத்தால் பறவை பார்க்கப் போய்விடுவாள். சென்ற குளிர்காலத்தில், ஏரிக்கரைப் புல்வெளியில் மேய்ந்த காட்டு வாத்துகளுக்கு நடுவே அரிய இனமான சிறு வெண்ணெற்றி வாத்து ஒன்றைக் கண்டாள்; அப்போது உடன் யாரும் இல்லை. அவள் உறுப்பினராக இருந்த பறவை மன்றம் அதை ஏற்கவில்லை. அரிய பறவையென்றால் இன்னொருவரும் பார்த்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல் அடையாளம் கூறவேண்டும் என்பது மன்றத்தின் விதி. அன்றுமுதல் கூட்டத்திற்குப் போனால், “மேடம், உங்க வாத்து சௌக்கியமா?” என்ற விசாரிப்புதான்.

இந்த ஆண்டு அவளிடம் வண்டி பழக வந்தவர் அவளுடைய மாமியார். தங்கை வீட்டுக்குப் போக மகனுடைய தயவை எதிர்பார்த்து அலுத்துப்போனவர் அவர்.

ஏரிக்கரைச் சாலையில் இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்தபோது மாமியார் கேட்டார்.

“மூணாவது கியர் எப்பத்தாம்மா?”

“அவசரப்படாதீங்க அத்தை” என்றவளின் கால் சட்டென்று பிரேக்கை அழுத்தியது. வாத்துக்கூட்டம் வந்திருந்தது. ஒன்று மட்டும், சென்ற ஆண்டு கண்டதைப் போலவே, மற்றவற்றை முந்திக்கொண்டு மேய்ந்தது.

கதவைத் திறந்தால் கூட்டமே எழுந்து பறந்துவிடும். இருந்த இடத்திலிருந்தே மன்றத்தின் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“நான் வந்து சேர்றதுக்குள்ள அது போயிடும். பக்கத்துல யாரு?”

“என் மாமியார். அவங்களுக்குப் பறவைன்னாலே ஆகாது.”

“அப்ப ரொம்ப நல்லது. ஸ்பீக்கர்ல போடுங்க. நீங்க வாயே திறக்கக் கூடாது.”

முன்னால் போகும் வாத்தைக் காட்டி, தொலைநோக்கியை மாமியார் கையில் கொடுத்தாள். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

“வாத்துதான் சார். ரெண்டு கால் இருக்கு.”

‘தலையைப் பாருங்கள்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கால் பிரேக்கை இன்னும் ஆழமாக அழுத்தியது.

“மத்ததைவிடச் சின்னது. நெத்தி வெள்ளை உச்சந்தலை வரைக்கும் ஏறியிருக்கு. ரயிலுக்கு நேரமாச்சுன்னா எங்க வீட்டுக்காரர் சாப்பிடுவாரே, அந்த மாதிரி மேயுது.”

“வேற என்னம்மா தெரியுது?”

மாமியார் நன்றாகப் பார்க்க முன்னே சாய்ந்தார். சாய்ந்த இடத்தில் ஹாரன் இருந்தது. அவள் பாய்ந்து அவருடைய தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள்.

“ஏம்மா இழுக்கற?”

“அங்க என்ன, ஜாடை காட்றீங்களா?” என்றார் செயலாளர்.

“ஹாரன்ல சாயறாங்க சார்!”

“இருங்க, திரும்புது” என்றார் மாமியார். “கண்ணைச் சுத்தி மஞ்சளா ஒரு வளையம். மத்த எதுக்கும் அது இல்ல. மை தீர்ந்துபோய் மஞ்சளை எடுத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கு.”

மறுமுனையில் செயலாளர் பக்கங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“ஏத்துக்கறேன் மேடம். போன வருஷத்ததையும் சேர்த்து மறுபடி பேசுவோம். ரெண்டு பேர் பேரையும் போடறேன்.”

“என் பேரை முதல்ல போடுங்க. ஓட்டறது நான்” என்றார் மாமியார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வாத்தைத் தாண்டினதும் மூணாவது போடுங்க அத்தை” என்றாள்.

மாமியார் கிளட்ச்சை விட்டார். வண்டி உறுமிக் குலுங்கியது; இன்ஜின் நின்றுபோனது. அவர் குனிந்து பக்கத்து இருக்கையின் கீழே பார்த்தார்.

“முதல்ல நீ காலை எடும்மா.”