ஐஸ்கிரீம் டப்பாவில் ஆற்றுச் சேறு

இன்று காலை, நீண்ட ஆலோசனைக்குப் பின், ஆற்றுச் சேற்றை ஐஸ்கிரீம் டப்பாவிலேயே கொண்டுபோவது என்று முடிவெடுத்தேன்.

என் சுற்றுச்சூழல் முனைவர் பட்டம் ஒரு கூட்டுப் பயிற்சித் திட்டத்தில் நடக்கிறது. பாதி வாரம் பல்கலைக்கழகம், பாதி வாரம் ஒரு தண்ணீர் நிறுவனத்தின் ஆய்வகம். மேற்பார்வையாளர்களும் இரண்டு பேர். சேறு குளிர்கால வெள்ளத்தின்போது எடுத்தது. இனிக் கிடைக்காது. அது போனால் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் போனது.

ஆய்வகத்தில் டப்பாவை வாங்கி, எண் ஒட்டி, பதிவேட்டில் எழுதி, உறைபெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.

அப்போது மிச்சம் என்ற ஊரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு அக்காவிடமிருந்து போன்.

"பிள்ளை, என்ர கணவாய்க் கறி எங்க? டப்பாவைத் திறந்தா சேறு கிடக்குது!"

வீட்டு ஃப்ரீசரில் இரண்டும் ஒரே மாதிரி ஐஸ்கிரீம் டப்பாவில்தான் இருந்தன; உறைந்த பின் இரண்டுக்கும் ஒரே நிறம்.

"அக்கா, அதைச் சூடாக்கிட்டீங்களா?"

"விசரே உமக்கு? சேத்தை ஆர் சூடாக்குவினம்? மணந்து பாத்திட்டுத் திரும்ப ஃப்ரீசருக்க வைச்சிட்டன்."

"கொட்டலையே?"

"கொட்டத்தான் வெளிக்கிட்டனான். என்ர மனுசன்தான், 'அவள் இதுக்குத்தானே மழைக்க நிண்டவள், கொட்டாதையும்' எண்டவர். இப்ப அதை ஏத்திக்கொண்டு வானை ஓட்டி வாறார்."

ஆய்வக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மதியம் சேறு வந்து சேர்ந்தது, உருகாமல்.

கூட்டுத் திட்ட விதிப்படி, பதிவான மாதிரியை வெளியே எடுக்க இரண்டு மேற்பார்வையாளர்களும் கையொப்பமிட வேண்டும். ஒருவர் இம்மாத இறுதிவரை விடுப்பில் இருக்கிறார்; அதுவரை அக்காவின் கணவாய்க் கறி பூட்டிய உறைபெட்டியில்தான்.