கரண்டு வெச்சும் சாகலையாம்!

போன புதன்கிழமை காலையில் மதினியிடமிருந்து போன்.

"உங்க அண்ணன் மதுரைக்கு வரமாட்டேங்கிறாக. கிளம்பி நின்னவுக, கடைசி நேரத்துல மண்டிக்குப் போய் உக்காந்துட்டாக. நீங்க வந்து என்னன்னு கேளுங்க!"



என் அண்ணன் சாமுவேல் தேனியில் வெங்காய மண்டி வைத்திருப்பவர். கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டெஸ்ட் எடுத்தால்... கேன்சர். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறது. எங்கள் பக்கம் அதற்குப் பெயர் 'கரண்டு வைக்கிறது'. பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் இவர் வரமாட்டேன் என்கிறார்.

ஓடினேன். மூட்டைகளுக்கு நடுவே கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அழுத முகத்தோடு மதினி.

"ஏத்தா, நீயே தொட்டுப் பாரு. கட்டி அப்படியேதான இருக்கு?"

"போகப் போகத்தான் தெரியும்னு டாக்டர் சொன்னாகல்ல அண்ணே?"

"கரண்டுன்னா என்னாத்தா? கம்பியைத் தொட்டா அந்த நிமிசமே ஆள் காலி. இம்புட்டு நாளா கரண்டு வெச்சும் சாகாதது, இனிமேயா சாகப் போகுது?"

அவர் கணக்குப்படி அது சரிதானே! அந்த மெஷினில் உடம்புக்குள் கரண்டு எதுவும் பாய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத கதிர்தான் போகிறது. ஆனால் 'கரண்டு' என்று பெயர் வைத்தது நாம்தான். பெயர் வைத்த பிறகு, ஷாக் அடித்த மாதிரி பொத்தென்று விழவில்லையே என்று கேட்பதும் நாம்தான்.

மாற்று ஏற்பாடும் தயாராக இருந்தது. குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர், ஒரு கஷாயம். வாட்ஸ்அப்பில் வீடியோ காட்டினார். லேபில் ஒரு தட்டு — அதில் கேன்சர் செல்கள். மூலிகைச் சாறு விட்டதும் அத்தனையும் சுருண்டு சாகின்றன.

"சயின்ஸ்காரனே ஒத்துக்கிட்டான், பாத்தியா? வெள்ளிக்கிழமை கார் சொல்லியாச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த போனைப் பிடுங்கி வெங்காயத்துக்குள் புதைத்திருப்பேன். அதற்குப் பதிலாக என் போனை எடுத்தேன்.

என் மகள் பியூலா வெளியூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறாள். செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. வீடியோ காலில் வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"மாமா, கதிர்வீச்சு குடுத்துட்டு மறுநாள் எங்க தட்டைப் பாத்தா எப்படி இருக்கும், சொல்லுங்க?"

"எல்லாம் செத்துக் கெடக்கும்."

"அதான் இல்ல. முக்கால்வாசி உசுரோட, கொழுகொழுன்னு உக்காந்திருக்கும்."

"பாத்தியா! நான் சொல்லல?" அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... எலெக்‌ஷனில் ஜெயித்தவர்கூட அதனிடம் தோற்றுப்போவார்!

அடிப்பாவி, நான் கூப்பிட்டது எதற்கு, நீ பேசுவது என்ன?

"பொறுங்க மாமா. மறுநாளே பாத்தா, கதிர்வீச்சு தோத்துப்போச்சுன்னு எழுதிருவோம். அதனால அப்படிப் பாக்கிறதில்ல. ரெண்டு வாரம் போல விட்டு, காலனி எண்ணுவோம்."

"எந்தக் காலனி மருமகளே? ஹவுசிங் போர்டா?"

"அய்யோ மாமா! ஒரு செல்லு ரெண்டாகி, நாலாகி, ஒரு அம்பதாவது சேந்தா அது காலனி. சாயம் போட்டா தட்டுல புள்ளியாத் தெரியும். புள்ளி வெச்சா அந்தச் செல்லு பொழச்சிருச்சு. ஒத்தையிலயே உக்காந்திருந்தா, உசுரு இருந்தாலும் எங்க கணக்குல அது செத்தது."

"உசுரோட இருக்கிறதை எப்படித்தா செத்ததுன்னு சொல்லுவ?"

"பெருகுறதுதான மாமா கேன்சரோட வேலையே? அது போச்சுன்னா? கதிர் பட்டதும் உள்ள டி.என்.ஏ. உடைஞ்சிரும். செல்லு அது பாட்டுக்கு உக்காந்திருக்கும். ரெண்டாப் பிரியப் போறப்பத்தான் மாட்டும்."

அண்ணன் கையில் ஒரு வெங்காயத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெங்காயம் முளைக்காம இருக்க என்னமோ கதிர் வைக்கிறான்னு சொல்லுவானுக..."

"அதே கதைதான் மாமா! பாக்க நல்ல வெங்காயம்தான். முளை வராது."

இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்தேன். வியாபாரியாச்சே... விடுவாரா?

"சரி. கஷாயமும் தட்டுலதான கொன்னுச்சு?"

"தட்டுல பினாயில் ஊத்துனாலும் கேன்சர் செல்லு சாகும். குடிப்பீகளா?"

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கு வரவில்லை.

"அப்ப உன் தட்டை மட்டும் நான் எதுக்கு நம்பணும்?"

நல்ல கேள்வி! எனக்கே தோன்றவில்லை. பியூலா சளைக்கவில்லை.

"நம்பாதீக. நாங்களே தட்டை மட்டும் நம்புறதில்ல. தட்டுல செல்லுக பாய் விரிச்ச மாதிரி கெடக்கும். எல்லாத்துக்கும் தீனியும் காத்தும் தாராளம். உங்க கழுத்துல இருக்கிறது உருண்டை. நடுவுல இருக்கிறதுக்கு ஆக்சிஜன் சரியாப் போகாது. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கதிர் லேசுல சாய்க்காது. அதனால உருண்டையா வளத்தும் பாக்குறோம். அப்புறமும் எம்புட்டோ சோதனை தாண்டி, மனுசங்க வரைக்கும் வந்து நின்ன வைத்தியம் மாமா இது. உங்க கஷாயம் தட்டோட நிக்குது."

"நடுவுல இருக்கிறது சாகாதுன்னா, அப்புறம் எதுக்கு நான் போகணும்?"

"அதுக்குத்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமா வைக்கிறாக! வெளிய இருக்கிறது அடங்குனா உள்ள காத்து போகும். அப்ப நடுவுல இருக்கிறதும் மாட்டும். இடையில நல்ல செல்லுக தன்னைச் சரி பண்ணிக்கும். கட்டி எப்பக் கரையும்னு எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேளுங்க. ஆனா பாதியில விட்டீகன்னா, உள்ள ஒளிஞ்சு கெடக்கிறது பொழச்சிரும். அது காலனி போடும் மாமா... உங்களுக்குள்ள."

சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். செல்களோடு மாரடிக்கிற பெண்தான். மாமா என்று வந்தால் தாங்குமா?

அண்ணன் கையிலிருந்த வெங்காயத்தை மூட்டையில் போட்டார். பிறகு மதினியிடம், "அந்தக் காரை வேண்டாம்னு சொல்லிரு" என்றார்.

எனக்கு ஒன்று உறைத்தது. ஒரே தட்டு. மறுநாள் பார்த்தால் தோல்வி, காத்திருந்து எண்ணினால் வெற்றி. தட்டில் விரித்தால் ஒரு பதில், உருட்டி வளர்த்தால் வேறு பதில். எப்போது, எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் பாதி பதில் இருக்கிறது. நாமோ திங்கட்கிழமை வாக்கிங் போய்விட்டு செவ்வாய்க்கிழமை எடை மெஷினில் ஏறுகிற கூட்டம்! நாளைக்கே தெரியவில்லை என்றால் எல்லாமே நமக்கு ஃபெயில்.

வியாழக்கிழமை போனார். ஒரு நாளை விட்டதற்கு டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமையும் போனார்.

இன்று திங்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணனிடமிருந்து போன். மதுரைக்குப் போகிற வழியில் ஆண்டிபட்டி தாண்டிவிட்டார்களாம். கழுத்தெல்லாம் எரிகிறது, கஞ்சிகூட இறங்கவில்லை, வாயில் ருசியே செத்துப்போச்சு என்று ஒரு பாட்டம் புலம்பினார்.

என் வாய் சும்மா இருக்குமா? "கட்டி எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

"அது கெடக்குது ஒரு பக்கம். நான் பஸ்ல இருக்கேன்ல!"