வெள்ளிக்கிழமைப் புகை

திருகோணமலைத் துறைமுகத்தடியில் கடை வைத்துப் படகுக் கருவிகள் திருத்தும் சிவாஜினி வேலைக்கு உட்கார்ந்தால் மணிக்கட்டில் ஒரு பட்டி, பட்டியிலிருந்து நிலத்துக்கு ஒரு வயர். "அக்கா ஓடிடுவா எண்டோ கட்டி வச்சிருக்கு?" என்று மீன்பிடிக்காரர் பகிடி விடுவார்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் சட்டை உரசினாலே மின்னேற்றம் பிறக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும், கருவிக்குள் இருக்கும் சிப் செத்துவிடும். பட்டி அவளுக்கு, வயர் கட்ட ஏலாத சாமான்களுக்கு அயனி விசிறி. அதன் ஊசிகள் நேர், எதிர் அயனிகளைச் சமமாகக் காற்றில் கலந்து மின்னேற்றத்தை அணைக்கும்.

புருசன் ரிஷிகேசனின் படகு ஆளில்லாமல் பக்கத்துச் சல்லி ஊர்க் கரையில் ஒதுங்கிப் பதினொரு மாதம். சிவாஜினி அழவில்லை. அதற்கு ஊர் சொன்ன காரணங்களை எழுத ஒரு கொப்பி போதாது. உண்மை இவ்வளவுதான்: உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. படகிலிருந்த ஜிபிஎஸ் உப்புத்தண்ணீர் பட்டு நின்றுபோனாலும், அவன் கடைசியாகப் போன இடம் அதன் நினைவுச் சிப்பில் இருக்கும்.

"ஆண்டுத் திவசம் வருது பிள்ளை. கடல்ல எந்த இடத்தில பால் ஊத்துறது? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்," என்றாள் ரிஷிகேசனின் தாய், மாமி பூரணம்.

ஒரு சனிக்கிழமை காலை பட்டியைக் கட்டி, விசிறியைப் போட்டு, சிப்பைக் கழற்றி அதன் முன்னே வைத்தாள். பிறகு இடுக்கியால் எடுத்து வாசிக்கும் கருவியில் மாட்டினாள். ஒன்றுமில்லை. மூன்று தரம் மாட்டினாள். ஒன்றுமில்லை.

விசிறியைத் திறந்தாள். எதிர் ஊசிகளில் கறுப்பாய்ப் பிசின்; நேர் அயனி மட்டும்தான் வெளியே வந்திருக்கிறது. மீற்றரைப் பிடித்தால், பூச்சியத்தில் நிற்கவேண்டியது நானூறு வோல்ட் காட்டியது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. காக்கவேண்டிய விசிறிதான் சிப்பில் மின்னேற்றியிருக்கிறது. இடுக்கி தொட்டதும் பொறி. கறுப்பை விரலில் தேய்த்து மணந்து பார்த்தாள். சாம்பிராணி. வெள்ளிக்கிழமை தோறும் கடைக்கு வந்து சுவரில் மாட்டிய மகனின் படத்துக்குப் புகை காட்டுகிறவள் மாமிதான். ஊசியைத் துடைக்காமல், மீற்றர் பிடிக்காமல் வேலை தொடங்கியது தான்தான் என்பதும் சிவாஜினிக்குத் தெரியும்.

பின்னேரம் மாமி வந்தாள். "என்ன பிள்ளை, தெரிஞ்சதே?"

"இல்ல மாமி. உப்புத்தண்ணி முந்தியே திண்டுட்டுது."

பூரணம் சேலைத் தலைப்பால் மகனின் படத்தைத் துடைத்தாள். "காரியமில்ல. சல்லியிலயே ஊத்துவம்," என்றாள்.

அடுத்த வெள்ளி மாமி சாம்பிராணித் தட்டோடு வந்தபோது, சிவாஜினி எழுந்து விசிறியை நிறுத்தித் துணியால் மூடினாள். மணிக்கட்டுப் பட்டியைக் கழற்றினாள்.

"இந்த மேசைக்கும் காட்டுங்கோ மாமி. அவர் இதில இருந்துதான் தேத்தண்ணி குடிக்கிறவர்."

புகை கண்ணை எரித்தது. அந்த எரிவாவது வந்ததே என்று இருந்தது அவளுக்கு.