ஏழாம் பாத்தியின் குட்டைச் சோளம்

விதைப் பண்ணையில் எல்லோருக்கும் அவள் கோல்காரிதான். கோடு போட்ட மூங்கில் கோலைச் செடியோடு நிறுத்தி, உயரம் பார்த்து அட்டையில் எழுதுவது அவள் வேலை. பத்து வருடமாக இதேதான். கணவன் தையல்காரன். "நான் ஆளுங்கள அளக்கறேன், நீ சோளத்த அளக்கற. நமக்குப் பொருத்தம் பாத்தது இஞ்ச் டேப்புதான் போல" என்று சீண்டுவான்.

மக்காச்சோளம் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டால் அவளுக்கு உலகமே மறந்துபோகும். இலைகள் தோளை உரசும். மேலேயிருந்து பச்சை வெளிச்சம் சொட்டும். கால்கள் பாட்டுக்கு நடக்கும், மனம் எங்கோ மிதக்கும். தூங்கிக்கொண்டே நடக்கிறோமோ என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வரும்.

ஏழாம் பாத்தி மட்டும் அவளை உறுத்தியது. மற்றதெல்லாம் தலையைத் தாண்டிப் போக, அது மார்போடு நின்றுவிட்டது. இந்த வருடம் அதில் புது விதை, அவளே ஆசை ஆசையாய் ஊன்றியது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். தேறலன்னா இந்த ரகத்தையே விட்டுடலாம்" என்றார் பண்ணை அதிகாரி. அதே பாத்தியில் குட்டையாய்ப் போன நான்கு ரகங்களை முன்பே கைவிட்டிருந்தார்கள். நான்கு அட்டையிலும் கையெழுத்து அவளுடையது.

வியாழக்கிழமை காலை அவள் செருப்பைத் தைத்துக் கொடுத்த கணவன், "வருஷா வருஷம் ஒரே பக்கமா தேயுதே, தினமும் ஒரே தடத்துலயா நடக்கற?" என்றான். சிரித்துவிட்டுக் கிளம்பினாள். வயலில் இலைகள் கையை உரசத் தொடங்கியதும் அந்தப் பேச்சு திரும்ப வந்தது. நின்று குனிந்து பார்த்தாள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து மற்ற பாத்திகளுக்குப் போக, கால்கள் அவளை ஏழாம் பாத்திக்குள் கூட்டி வந்திருந்தன. என்றைக்கும் போல.

கோலை மண்ணில் அழுத்தினாள். ஒரு சாண் இறங்கி, சட்டென்று நின்றது. மூன்றாம் பாத்தியில் முழ ஆழத்துக்கு வழுக்கிக்கொண்டு போனது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் பத்து வருட வேலையும் சந்தி சிரிக்கும், பிழைப்பும் போகலாம்.

மறுநாள் அதிகாரி அட்டைக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"சார், தப்பு விதை மேல இல்ல. என் கால் மேல. பத்து வருஷமா இதுக்குள்ளயேதான் போயிட்டு வர்றேன். மண்ணு இறுகிக் கெடக்கு, வேர் கீழ எறங்க முடியல."

"வருஷா வருஷம் உழறோமேம்மா?"

"மேலதான் சார் பொலபொலன்னு இருக்கு. தோண்டிப் பாருங்க."

அவர் மண்வெட்டியால் தோண்டினார். வேர்கள் பாதி வழியில் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தன. மடங்கிய வேரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்த பருவம் இத மூணாம் பாத்தியில போடுவோம். நீ இனிமே வரப்பச் சுத்தியே வா" என்றார்.

அடுத்த பருவத்தில் அந்தச் சோளம் கோலையும் தாண்டியது. "கோல் எட்டல சார்!" என்று கூவினாள். அந்தச் சந்தோஷத்தோடுதான் எழுத அட்டையை எடுத்தாள். கைவிட்ட அந்த நான்கும் இப்படி வளர்ந்திருக்குமே என்று அப்போது தோன்றியது. சோளத்துக்குள் நின்று, யாருக்கும் தெரியாமல் அழுதாள்.