கொத்தாத சுவர்

நைஜீரியாவின் ஓவெரி நகரத்தில் டைல்ஸ் ஒட்டும் உஸோண்டுவைக் கூட வேலை செய்கிறவர்கள் 'டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். மரியாதைக்கு அல்ல. ஒட்டி முடித்த சுவரை விரல் கணுவால் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே நிற்பான். பின்னால் கலவை சரியாகப் பிடிக்காத இடம் பொள்ளலாகச் சத்தம் கொடுக்கும். கொடுத்தால் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுவான். "என்ன டாக்டர், சுவருக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தொழில் கற்றுக்கொண்ட இடத்தில், தலைக்கு மேலிருந்து கழன்று விழுந்த டைல் ஒன்று முதலாளியின் தோளைப் பிளந்ததை அவன் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து அவன் பயந்தாங்கொள்ளி. அந்தப் பயம்தான் அவனுக்குச் சோறு போட்டது என்றும் சொல்லலாம்.

இப்படிப்பட்டவன் ஒரே ஒரு சுவரில் கோட்டைவிட்டான். அதுவும் சொந்தத் தங்கை வீட்டில்.

சினாசாவுக்கு நிறைமாதம். அண்ணன் தங்கை இருவருக்கும் தாய் இல்லை. அதனால் பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டி, மிளகு சூப் கொடுத்துத் தேற்றும் 'ஒமுக்வோ' முறைக்கு மாமியார் ஊலோமாவே கிராமத்திலிருந்து வருவதாக ஏற்பாடு. அம்மா வருவதற்குள் குளியலறை பளபளக்க வேண்டும் என்று சினாசாவின் புருஷன் அமாடி ஒற்றைக்காலில் நின்றான். பழைய சுவர் முழுக்க வழவழவென்று எண்ணெய்ப் பெயிண்ட். அதைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல் ஒட்டினால் டைல் பெயிண்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், சுவரை அல்ல. உஸோண்டு கொத்திக் கொத்தித்தான் ஒட்டினான். கடைசிச் சுவர் மிச்சமிருந்தபோது சினாசாவுக்கு வலி கண்டது.

"அம்மா பஸ் ஏறிட்டாங்க மச்சான். இதையும் கொத்திட்டு உக்காந்தா வேலைக்காகாது. அப்படியே ஒட்டிவிடு," என்றான் அமாடி.

"பெயிண்டு மேல நிக்காது மச்சான்."

"உன் பயத்துக்கு ஒரு அளவே இல்லையா? சுவருதானே, எங்க ஓடிரப் போகுது?"

ஒட்டிவிட்டான். அப்புறம் வந்து பெயர்த்து ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். பெண்குழந்தை பிறந்தது. வந்தவர்களெல்லாம், பிள்ளை பிறந்த வீட்டு வழக்கப்படி, கழுத்தில் பவுடரை அப்பிக்கொண்டு ஒரே ஆட்டம்பாட்டம். அந்தக் கும்மாளத்தில் குளியலறைப் பேச்சை எப்படி எடுப்பது? தள்ளிப்போட்டான். ஆனால் ராத்திரி படுத்த இடத்திலும் பக்கத்துச் சுவரைத் தட்டிக்கொண்டே கிடந்தான்.

கடைசியில் ஒரு காலை, பொறுக்கமாட்டாமல், கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைச் சாக்காக எடுத்துக்கொண்டு கிளம்பினான். வீட்டுக்குள் நுழைந்ததுமே வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தது.

"குளியல் நடக்குது, உக்காரு," என்றான் அமாடி. "எங்கம்மா கொதிக்கக் கொதிக்கத் துண்ட முக்கி வயித்துல ஒத்துறாங்க. உன் தங்கச்சி போடுற கூச்சலக் கேளு!"

"எந்தப் பக்கமா உக்கார வச்சிருக்காங்க?"

"கடைசிச் சுவரோரம். அங்கதானே எடம் இருக்கு. குழந்தையும் பக்கத்துல தொட்டியில கெடக்கு. அடுத்து அதுக்கு."

அந்தச் சுவரின் மறுபக்கம் வீட்டு நடை. உஸோண்டு ஓடிப்போய் அதில் காதை வைத்தான். தண்ணீர் மோதும் சத்தம். நடுவே ஒரு 'டிக்'. கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டிக்'. சூடு ஏறி டைல்கள் பிடிவிட்டுக் கழல்கிற சத்தம் அது. அவனைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் அது புரியாது.

கதவை அடித்தான். "சினாசா! குழந்தையத் தூக்கிட்டு வெளிய வா!"

"எவன்டா அவன்? பிள்ள பெத்தவ குளிக்கிற எடத்துல உனக்கென்னடா வேல? வெக்கங்கெட்டவனே!" ஊலோமாவின் குரல் கூரையைத் தூக்கியது.

"சுவரு வருது அத்தை!"

"நீ ஒட்டுன சுவருதானே, உன் பேச்சக் கேக்கச் சொல்லு!"

அமாடி கையைப் பிடித்து இழுத்தான். தங்கை துணியில்லாமல் இருக்கும் இடத்துக்குள் அண்ணன் நுழைந்தால் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது. அது உஸோண்டுவுக்குத் தெரியாதா என்ன? கண்ணை இறுக மூடிக்கொண்டு தோளால் கதவை இடித்தான். தாழ்ப்பாள் பிய்ந்தது.

ஊலோமாவின் கொதிக்கும் துண்டு முதுகில் சுளீரென்று விழுந்தது. மறுபடியும் விழுந்தது. அவன் தடவித் தடவிச் சுவரைக் கண்டுபிடித்து, தலைக்கு மேலே இரண்டு கைகளையும் விரித்து அழுத்திக்கொண்டான். உள்ளங்கைக்குக் கீழே டைல்கள் விழப்போகும் பால்பல் மாதிரி ஆடின.

"தங்கச்சி, போயிரு. அண்ணன் கண்ணத் தெறக்கல. போயிரும்மா."

அவன் பயத்தைச் சிறு வயதிலிருந்தே கேலி செய்தவள்தான் சினாசா. இந்தக் குரலை மட்டும் அவள் கேட்டதில்லை. துணியைச் சுற்றி, குழந்தையை அள்ளிக்கொண்டு போனாள். ஊலோமா திட்டிக்கொண்டே பின்னால் போனாள்.

"எல்லாரும் போயாச்சு. கைய எடு மச்சான்," என்றான் அமாடி.

"முடியல. எடுத்தா வந்துரும்."

"நீயும் உன் பயமும்..." அமாடி அவன் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

மேல்வரிசை ஒரே பலகையாக நழுவியது. கீழே இருந்ததையும் வாரிக்கொண்டு இறங்கியது. சினாசா உட்கார்ந்திருந்த ஸ்டூல் நொறுங்கியது. குழந்தை கிடந்த தொட்டிக்குள் உடைந்த துண்டுகள் கத்தி கத்தியாகக் குத்திட்டு நின்றன.

அமாடியின் உதடு வெளுத்துவிட்டது. "நான்தானே ஒட்டச் சொன்னேன்," என்றான்.

"ஒட்டுனது நான்."

உஸோண்டு ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சத்தத்தில் மிரண்டு உள்ளறையில் குழந்தை வீறிட்டது. ஊலோமா தட்டிக்கொடுத்து அடக்கப் பார்ப்பது கேட்டது.

"அடக்காதீங்க அத்தை," என்று அங்கிருந்தே கத்தினான் உஸோண்டு. "அழட்டும். நல்லா அழட்டும்."