கால் ஊன்றாத டென்ட்

அம்மா உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்தின் ஓரத்தைப் பெரியப்பா குனிந்து இரண்டு விரலால் பிடித்தது எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. இழுக்கவில்லை. இழுப்பது, கத்துவது எல்லாம் அவர் வழக்கமே இல்லை. பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அப்பா இறந்த பிறகு எங்கள் குலதெய்வக் கோயிலில் நடந்த முதல் வைகாசிப் படையல் அது. பங்காளி வீட்டார் எல்லாரும் பந்தலுக்குள் இருந்தார்கள். நான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். தங்கை அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். "தலைக்கட்டு இல்லாத வீட்டுக்குப் பந்தல்ல எடம் இல்ல தாயி. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க" என்றார் பெரியப்பா, சிரித்த முகம் மாறாமல். அம்மா தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு, தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் அந்த ஜமுக்காளத்தை நன்றாக உதறி, வேறு பக்கம் கொண்டுபோய் விரித்தார். எங்கள் தூசி அதில் ஒட்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

கல்யாணமான ஆண் இருக்கிற குடும்பம்தான் எங்கள் பங்காளி வகையறாவில் ஒரு தலைக்கட்டு. கோயில் வரி தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். வரி கட்டியவர்களுக்குத்தான் பந்தல். அப்பா போன அன்றே எங்கள் வீடு அந்தக் கணக்கிலிருந்து போய்விட்டது. இரண்டும் பெண்பிள்ளைகள் என்பதால் இனி வரப்போவதும் இல்லை. அம்மா வரியை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். வாங்க மாட்டேன் என்றார் பெரியப்பா. வேறு சில ஊர்களில் கைம்பெண்ணுக்குப் பாதி வரி என்று வைத்து உட்காரவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன் அவர். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் இவ்வளவு காலம் கறுவியிருக்க மாட்டேன்.

அந்தக் கோயில் அன்னவாசல் தாண்டி ஒரு செம்மண் பொட்டலில் இருக்கிறது. கோயில் என்றால் கட்டடம் இல்லை. எங்கள் சாமி தனக்குக் கூரை வேண்டாம் என்று சொன்ன சாமி. எல்லைக் கல்லுக்குள் கடப்பாரையோ கம்பியோ தரையில் இறங்கக் கூடாது, மண்ணுக்கு வலிக்கும் என்பார்கள். பந்தலுக்கு மட்டும் முன்னோர் காலத்துக் குழிகள் உண்டு. வருஷம் முழுக்கப் பலகைக்கல் போட்டு மூடி வைத்திருப்பார்கள். படையலன்று பெரியப்பா முன்னால் நின்று கல்லை நகர்த்தி, மூங்கில் காலை அதே குழியில் இறக்கச் சொல்வார். புதிதாக ஒரு குச்சியைக்கூட யாரும் ஊன்ற முடியாது. ஆகவே எல்லைக்குள் நிழல் என்றால் அந்த ஒரு பந்தல்தான், அந்தப் பந்தல் என்றால் பெரியப்பாதான்.

நாங்கள் எல்லைக்கு வெளியே ஒரு கருவேல மரத்தடிக்குப் போனோம். கருவேல மரத்து நிழலை நிழல் என்று சொல்ல அனுபவம் போதாதவர்களால்தான் முடியும். அதற்குள் உட்கார்ந்தால் உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக வெயில் விழும், கீழே முள் குத்தும். உள்ளே வரிசையாகப் பொங்கல் பானைகள் பொங்குவதை அங்கிருந்து பார்க்கலாம். தன் பானையையும் அந்த வரிசையில் வைத்து, பொங்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. உச்சிவெயிலில் இரண்டு பிள்ளைகளோடு அது நடக்கிற காரியமா? எல்லாம் முடிந்ததும் பெரியப்பா தன் கையாலேயே இலையில் சோறும் குழம்பும் ஏந்திக்கொண்டு, ஊரே பார்க்கப் பொட்டலைத் தாண்டி எங்களிடம் வருவார். "சாப்பிடுங்க தாயி, பசியோட இருக்காதீங்க" என்பார். எவ்வளவு பெரிய மனசு என்று பந்தலில் பேசிக்கொள்வார்கள். அந்தச் சோற்றை நான் ஒவ்வொரு வருஷமும் தின்றேன். வயிறு நிறைந்ததைவிட எரிந்ததுதான் அதிகம்.

வளர்ந்து, புதுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்ற பிறகும் அந்த எரிச்சல் அடங்கவில்லை. அம்மா வருஷம் தவறாமல் போய்க்கொண்டுதான் இருந்தாள். "அது ஒங்கப்பா சாமி, அவரு சாமி இல்ல" என்பாள். அதற்குமேல் பேச மாட்டாள். கணவரின் அண்ணன் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. அவர் வந்தால் எழுந்து ஒதுங்கிவிடுவாள். அவள் பேசாததையெல்லாம் சேர்த்து நான் மனசுக்குள் பேசினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், பெரியப்பாவை நாலு பேர் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவேன். அதிலெல்லாம் அவருக்கு வாயே திறக்க வராது.

ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் செல்போனில் ஒரு வீடியோ ஓடியது. யாரோ ஒரு குடும்பம் பாறைமேல் டென்ட் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தது. பாறையில் எப்படி முளை அடித்தார்கள் என்று உற்றுப் பார்த்தேன். அடிக்கவில்லை. வளைந்த இரண்டு கம்பிகளின் பலத்தில் அது தானாக நின்றது. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். தரையில் ஒரு துளைகூடப் போடாத ஒரு கூரை. அதைப் போடக் கூடாது என்று சொல்ல எங்கள் சாமியிடம்கூட விதி இல்லை.

அன்றிலிருந்து நான் டென்ட் பைத்தியமானேன். வீட்டுக்காரர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் ஒரே ஒரு நாள் வீம்புக்காகவா டென்ட் என்று கேட்டார். வீம்புதான் என்றேன். வாழ்நாள் வீம்பு. ஆனால் எங்கள் சம்பளத்துக்கு வீம்பையும் அளந்துதான் வாங்க வேண்டும். நின்றபடி நுழைகிற, வீடு மாதிரியான டென்ட்டுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு விலையைத் தள்ளிக்கொண்டே கீழே வந்தேன். தூக்கி எறிந்தால் தானாக விரியும் ஒன்று மலிவாகக் கிடைத்தது. வாங்கினவர்கள் எல்லாரும் மறுபடி மடிக்க முடியவில்லை என்று அழுதிருந்தார்கள். நாலு பேருக்கு என்று போட்டிருந்தால் நாலு பேரும் ஒருக்களித்துப் படுத்து, யாரும் புரளாமல் இருக்க வேண்டும் என்று அர்த்தம். அதனால் ஆறு பேர் அளவில் தேடினேன். முளை அடிக்காமல் நிற்க வேண்டும், அம்மாவின் முழங்கால் மடங்காது என்பதால் தவழ்ந்து போகிற வாசலாக இருக்கக் கூடாது. இந்த இரண்டிலும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

முதலில் வந்ததை மொட்டை மாடியில் விரித்தோம். பட்டப்பகலில் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிடுவது என்று அம்மாவும் நானும் பிள்ளைகளும் நுழைந்தோம். கொஞ்ச நேரத்தில் இட்லிப் பானைக்குள் இருக்கிற மாதிரி ஆகிவிட்டது. அது குளிர் தேசத்துக்காரனுக்குச் செய்தது. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாமல் காப்பாற்றுகிறதாம். புதுக்கோட்டைக்காரிக்கு அதை விற்றிருக்கிறார்கள். அம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இதற்குக் கருவேல மரமே தேவலை என்றாள். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி தேடினேன். அடுத்ததில் நாலு பக்கமும் கொசுவலைத் துணி, மேலே தனியாக, வாசலையும் ஜிப் போட்டு மூடுகிற மாதிரி ஒரு வெள்ளிப்பூச்சுப் போர்வை, வாசல் அம்மா இடுப்புக்குமேல் உயரம். குனிந்தால் போதும், நுழைந்துவிடலாம். நிறத்தில் பச்சையும் ஆரஞ்சும் இருந்தன. பச்சை கொஞ்சம் விலை குறைவு. பொட்டலில் பச்சை தெரியாமல் போய்விடும் என்பதற்காகவே நான் ஆரஞ்சை வாங்கினேன். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். உள்ளே இருந்தால் வெளியே இருப்பவர்கள் தெரிவார்களா என்றாள். காற்றுக்காகத்தான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வைகாசியில் காலையிலேயே போய்விட்டோம். பந்தலுக்கு நேர் எதிரே, பொங்கல் வரிசையை ஒட்டி, வீட்டுக்காரரும் நானும் டென்ட்டை நிறுத்தினோம். மாடியில் பழகிய கை என்பதால் பெரியப்பா பந்தலின் இரண்டாவது காலை இறக்குவதற்குள் எங்களுடையது எழுந்து நின்றுவிட்டது. காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலைக்கும் தண்ணீர் கேன்கள் கொண்டுவந்திருந்தோம். அவற்றை ஆட்டோவிலிருந்து இறக்கப் போகும்போது அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடித்த துண்டு, அதே சிரிப்பு.

"யாரக் கேட்டு எல்லைக்குள்ள கால் ஊண்டுன தாயி?"

"ஊண்டல பெரியப்பா. தூக்கிப் பாருங்க."

அவர் தூக்கவில்லை. நான் என் சித்தப்பா மகன்கள் இரண்டு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பூப்பல்லக்கு மாதிரி அந்த ஆரஞ்சு டென்ட்டைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்கள். கீழே வெறும் சரளை மண், ஒரு கீறல் இல்லை. பந்தலிலிருந்து யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இங்கே என்ன பாத்தியதை என்று பெரியப்பா ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் வேண்டாம், இது என் அம்மா டென்ட் என்றேன். அவர் பந்தலையும் குழிகளையும் சாமிக் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு விதி கிடைக்குமா என்று தேடுகிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எனக்குக் குளிர்ந்த மாதிரி அன்று வேறு யாருக்கும் மனசு குளிர்ந்திருக்காது.

அம்மா பானையை வரிசையில் வைத்தாள். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு டென்ட்டுக்குள் போய் உட்காருவாள், பிறகு வந்து பார்ப்பாள். பொங்கி வழிந்தபோது பக்கத்திலேயே நின்றாள். பழைய கீற்றுப் பந்தலுக்குப் பதில் அந்த வருஷம் நீலத் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். வெயில் ஏற ஏற அதன் கீழே இருந்தவர்கள் நெளிந்தார்கள். முதலில் பெரியப்பாவின் மருமகள் கைக்குழந்தையோடு வந்து, பால் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றாள். போகவில்லை. அவளைத் தேடிப் பெரியம்மா வந்தாள், காற்று வருதே என்று சொல்லிப் படுத்தவள் தூங்கியே விட்டாள். இப்படியே ஒவ்வொருவராக வந்ததில் உள்ளே இடம் தீர்ந்து, டென்ட் நிழலில் வெளியேயும் பெண்கள் உட்கார்ந்தார்கள்.

மதியம் திரும்பிய நேரம் பெரியப்பா வந்தார். துண்டு தலையில் இருந்தது. வாசலுக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்துத்தான் பேசினார். "உள்ள நல்லா காத்து வருதாமே தாயி. செத்த நேரம் முதுகச் சாச்சுக்கிறேன்" என்றார். இந்த ஒரு நிமிஷத்துக்காக நான் எவ்வளவு வசனம் சேர்த்து வைத்திருந்தேன். அவருக்கு வயதாகியிருந்தது, கழுத்து நரம்பு தெரிந்தது. விழித்துக்கொண்ட பெரியம்மா அவரைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அம்மா எழுந்தாள். அவள் குணம் எனக்குத் தெரியும். உள்ளே வாங்க என்று சொல்லிவிடப் போகிறாள், எல்லாம் வீணாகப் போகிறது என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. அம்மா வாசலுக்கு வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணவரின் அண்ணனை முகத்துக்கு நேராகப் பார்த்தாள். பிறகு வெள்ளிப்பூச்சுப் போர்வையின் ஜிப்பை மேலிருந்து கீழே நிதானமாக இழுத்து மூடினாள்.

"வெயிலு உள்ள வருது" என்றாள், எங்களைப் பார்த்து.

பக்கவாட்டு வலைத்துணி வழியாக அவர் பந்தலுக்குத் திரும்பிப் போனதைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள், அவர் நாற்காலியில் உட்காரும்வரை பார்த்தாள். அந்த வருஷக் கார்த்திகையில் பெரியப்பா இறந்தார். எழவு வீட்டில் எல்லாரும் அவருடைய தாராளத்தைப் பற்றிப் பேசினார்கள். கருவேல மரத்தடிக்கு இலையில் சோறு கொண்டுபோனதைக்கூட ஒருவர் நெகிழ்ந்து சொன்னார். நான் அழவில்லை. வயசானவரை வெயிலில் நிறுத்தினோமே என்று உறுத்தவில்லையா என்று தங்கை கோயம்புத்தூரிலிருந்து போனில் கேட்டாள். அவள் தூக்கத்தில் தோளில் தூக்கிப் போகப்பட்டவள், அவளுக்கு அப்படித்தான் தோன்றும். அவருக்குப் பந்தலாவது இருந்தது என்றேன்.

இப்போது கோயில் பொறுப்பு சித்தப்பாவிடம். நல்ல மனிதர். இந்த வருஷம் அம்மாவிடம் வரி வாங்கிக்கொண்டார். புது ஜமுக்காளம் விரித்து, பந்தலுக்குள் வந்து உட்காருங்க அண்ணி என்று அவரே டென்ட் வாசலுக்கு வந்து கூப்பிட்டார். பந்தலில் எல்லாரும் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிடக்கூடப் போய்விட்டேன். இத்தனை வருஷம் நான் சண்டை போட்டது இதற்காகத்தானே. அம்மா என் கையை விலக்கினாள்.

"கூப்புட வேண்டியவரு போய்ச் சேந்துட்டாரு தம்பி. நீங்க போங்க" என்றாள்.